காரணமும் பழியும்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆயினும் நம் துக்கம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை வரும்போதே தீர்மானித்துக்கொண்டு வருவதும் உண்டு. பிள்ளையே இல்லாத ஒருத்திக்குக் கரு கலைந்தால் ஊரார் வருந்துவர். வைத்தியம் பார்க்கச் சொல்லுவர். பினாங்கிலே எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று விலாசமும் எழுதிக் கொடுப்பர். முன்னமே ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு அதுவே நேர்ந்தால், "ஒன்றுதான் இருக்கிறதே, அது போதுமென்று இரு" என்று ஒரே வாக்கியத்தில் விசாரணையை முடித்துவிடுவர். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே நாங்கள் இங்கு எழுதத் துணிந்தோம். அது காதுக்கு ஆறுதல்போல் ஒலிக்கிறது. ஆனால் காரணத்தைத் தேடவேண்டியவர்களைத் தேடவொட்டாமல் அது தடுக்கிறது. அத்தோடு நில்லாமல், "போதும்" என்று எந்தக் குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறதோ அந்தக் குழந்தைக்கே ஒரு தீங்கையும் செய்கிறது. இஃது எங்கள் வீட்டில் நாங்கள் கண்ட உண்மை.

நாங்கள் பத்து காவானில் வசிக்கும் தம்பதிகள். முன்னாளில் கரும்பும் பிற்காலத்தில் செம்பனையும் நின்ற இந்நிலத்தில் எங்கள் பாட்டன்மார் லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே மடிந்தார்கள். இன்று அதே மண்ணில் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலம், மொத்தம் 24 கிலோமீட்டர் நீளமுடையதாய், கடலைக் கடந்து வந்து எங்கள் ஊரில்தான் கரையேறுகிறது. எங்களிருவரில் ஒருவர் தொழிற்சாலையிலும் மற்றவர் கடையொன்றின் கணக்கிலும் வேலை செய்கிறோம். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று கருக்கள் நிலைக்காமற் போயின. முதலாவது எட்டாம் வாரத்திலும், இரண்டாவது பத்தாம் வாரத்திலும், மூன்றாவது, திரையில் அதன் நெஞ்சு துடித்ததை எங்கள் கண்ணாலேயே கண்டு வந்த பின்னர், ஒன்பதாம் வாரத்திலும் போயின.

மூன்று முறையும் நாங்கள் கேட்ட சொற்களை நிறுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை விளங்கும். நம்மவர்க்குள் "ஒரு கண் கண்ணல்ல, ஒரு பிள்ளை பிள்ளையல்ல" என்று ஒரு பழமொழி வழங்குகிறது. எங்கள் பெண்ணுக்கு இரண்டு வயது நிரம்பியதுமே அப்பழமொழியைச் சொல்லி, அடுத்தது எப்போது, அதுவும் ஆணாக எப்போது, என்று கேளாத உறவினர் இல்லை. கரு கலைந்த மறுநாளோ, அதே வாய்கள் "ஒன்று போதும்" என்றன. முன்னே ஒன்று போதாது. பின்னே ஒன்று போதும். இவ்விரண்டில் எதைச் சொன்னபோதும், பெற்றவளின் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டவர் மிகச் சிலரே.

உறவினர் சொல்லியது போகட்டும். இரண்டாம் முறை கலைந்தபோது பட்டணத்தில் ஒரு வைத்தியசாலைக்குச் சென்றோம். அங்கிருந்த டாக்டர் கடுமையானவர் அல்லர், இரக்கத்தோடுதான் பேசினார். "உங்களுக்கு முன்பே பிள்ளை பிறந்திருக்கிறது. ஆகவே குறையொன்றும் இருக்க முடியாது. மறுபடி முயலுங்கள்" என்றார். பரிசோதனை ஏதும் செய்யலாகாதா என்று கேட்டதற்கு, "பிள்ளையில்லாதவர்களுக்குத்தான் அது அவசியம்" என்று விடையிறுத்தார். இவ்விடையை நாங்கள் பலநாள் யோசித்தோம். தோட்டத்திலே சென்ற ஆண்டு நன்றாகப் பால் சுரந்த மரம் இவ்வாண்டு பட்டை காய்ந்து நின்றால், "சென்ற ஆண்டு சுரந்ததே" என்று சொல்லிவிட்டு எந்தக் கிராணியும் திரும்பிப் போவதில்லை. மரத்தைச் சுற்றி வந்து பார்க்கிறான். வேரையும் பட்டையையும் நோக்குகிறான். ஒரு காலத்தில் நன்றாக இருந்தது என்பது, அதன்பின் ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கே சாட்சியாகும். இந்த எளிய நியாயம் மரத்துக்குப் பொருந்தும்போது மனுஷிக்கு ஏன் பொருந்தலாகாது?

இவ்வாறு யோசித்துக்கொண்டிருக்கையில் மூன்றாவதும் போயிற்று. அப்பொழுதுதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தூரத்து உறவில் பெரியம்மா முறையாகும் ஒருவர் எங்கள் பெண்ணின் ஜாதகத்தை எங்கோ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "தனக்குப் பின்னால் வருவதைத் தங்கவிடாத ஜாதகம்" என்று ஜோசியர் சொன்னாராம். அதை அவர் அடுப்படியில் நின்று, குழந்தை பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே, தாழ்ந்த குரலில் சொன்னார். தாழ்ந்த குரல் பெரியவர்களை ஏமாற்றுமேயன்றிக் குழந்தைகளை ஏமாற்றாது. நான்கைந்து நாட்களுக்குப் பிறகு, படுக்கையில் விளக்கை அணைத்தபின், "அம்மா, பாப்பா வராமப் போனது என்னாலேயா?" என்று அவள் கேட்டாள். ஏழு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி இது.

"இல்லை, கண்ணே" என்று உடனே சொன்னோம். ஆனால், "பின்னே எதனாலே?" என்று அவள் அடுத்துக் கேட்டபோது, சொல்லுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்றிரவு எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. காரணம் தேடப்படாத வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. பழி வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறது. முதலில் அது தாயின்மேல் விழுகிறது: அவள் மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள், வேலைக்குப் போனாள் என்பர். தாயைத் தாண்டி நகர்ந்தால், வீட்டில் வேறு யார் இருக்கிறார்களோ அவர்கள்மேல் விழுகிறது. எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்? அந்தக் குழந்தைதான் இருக்கிறாள். ஆகவே, ஒரு பிள்ளை இருக்கிறது என்பது பரிசோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது. அந்தப் பிள்ளையின் பொருட்டே பரிசோதனை செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

காரணத்தைத் தேடுவது பழியை ஒழிக்கும் என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு வேறு யாரும் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் இந்நாட்டில் காடழித்த காலத்தில் குளிர்காய்ச்சலால் மடிந்தவர் எண்ணிறந்தவர். காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்குக் கரு கலைதலும், குழந்தை செத்துப் பிறத்தலும் மிகுதி. அதனைக் கெட்ட காற்றென்றும், முனியின் கோபமென்றும், மண்ணின் தோஷமென்றும் அந்நாளில் சொன்னார்கள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் டாக்டர் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901ல், கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் டாக்டர் சதுப்பு நிலங்களை வடியவைத்து, கால்வாய் வெட்டி, அவ்வூரின் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னர் அம்முறை தோட்டங்களுக்கும் பரவிற்று. காரணம் இன்னதென்று தெரிந்த பின்னர் வேலை மண்வெட்டிக்கு வந்தது. முனியையோ, புதிதாக வந்த மருமகளின் ராசியையோ காய்ச்சலுக்காக ஏசிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் நீங்கிற்று.

இன்னுமோர் உதாரணம் எங்கள் நிலைக்கு மிகவும் அண்மையானது. முதற்பிள்ளை சுகமாகப் பிறக்க, பின்வருபவை வயிற்றிலேயே இறப்பதும், பிறந்து கடும் மஞ்சள் கண்டு இறப்பதுமாகிய குடும்பங்கள் உலகெங்கும் இருந்தன. தலைப்பிள்ளையின் நேரம் பொல்லாதது என்பதற்கு இதைவிட வலுவான ருசு ஜோசியருக்கு வேண்டுமா? 1939ல் அமெரிக்காவில் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர், செத்த குழந்தையைப் பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் விசேஷமான எதிர்ப்பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு எழுதினர். அடுத்த ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் என்னும் இரத்தக்கூற்றை விவரித்தனர். தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவாகவும் குழந்தையின் இரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், முதற்பிரசவத்தின்போது கலக்கும் சில துளிகளைக் கண்டு தாயின் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. அதனாலேயே முதற்பிள்ளை தப்புகிறது, பின்வருபவை தாக்கப்படுகின்றன. இதைத் தடுக்கும் ஊசி 1968ல் வழக்கத்துக்கு வந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட்டால் அடுத்த குழந்தைக்குக் காப்பு. எத்தனை தலைப்பிள்ளைகள் தங்கள்மேல் சுமத்தப்பட்ட பழியினின்று இந்த ஊசியால் விடுதலை பெற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆர்எச் நெகட்டிவ் இரத்தம் சீனரையும் மலாய்க்காரரையும்விட நம்மவரிடம் அதிகம் என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். முதல் மூன்று மாதங்களுக்குள் கலையும் கருவுக்கு இது வழக்கமான காரணமன்று; எங்கள் இரத்தமும் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும், "முன்பு பிறந்ததே" என்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சியாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

மருத்துவ சாஸ்திரம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது? பிள்ளை பிறக்குமுன் மீண்டும் மீண்டும் கரு கலைவதை ஒரு வகையாகவும், பிள்ளை பிறந்தபின் அவ்வாறு நேர்வதை மற்றொரு வகையாகவும் டாக்டர்கள் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். தனிப் பெயர் இருக்கும் ஒன்றை இல்லாததென்று எவரும் சொல்ல முடியாது. எத்தனை முறை கலைந்தால் விசாரிக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. பிரிட்டனின் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2011ல் தொடர்ந்து மூன்று என்று வகுத்தது. 2023ல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் மூன்றும் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்பதில்லை என்று தளர்த்தியது. ஐரோப்பிய மருத்துவர் சங்கமோ 2017ல் இரண்டு என்றே வகுத்தது. ஆனால் இவற்றில் எதிலும், "வீட்டில் பிள்ளை இருக்கலாகாது" என்று ஒரு விதி எழுதப்படவில்லை.

முதற்பிள்ளைக்குப் பின் புதிதாகத் தோன்றக்கூடிய காரணங்கள் பல. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி பிரசவத்துக்குப் பிறகு சீர்கெடலாம். நம் இனத்தாரிடையே மலிந்துள்ள நீரிழிவு தலைகாட்டலாம். கருப்பையில் கட்டி வளரலாம். முன்பு கலைந்தபோது உள்ளே சுத்தம் செய்ததால் தழும்பு ஏற்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். வயது கூடக்கூடக் கருமுட்டையில் நிறக்கோல்களின் எண்ணிக்கை பிசகும். ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி இவ்வகைப் பிசகினால் கலைவனவே. மாடிப்படிக்கும் பப்பாளிக்கும் அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை. இவையன்றி, இரத்தத்தில் தோன்றும் ஆன்டிபாஸ்போலிபிட் என்னும் எதிர்ப்பொருளும் உண்டு. 1983ல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்பவர் இந்நோயை விவரித்தார். அஃது உடையவர்களுக்கு ஆஸ்பிரினோடு ஹெபாரின் ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் பயனுண்டா என்று 90 பெண்களிடம் சோதித்து, 1997ல் முடிவு வெளியிட்டார்கள். ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கும், இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. தேடினாலன்றி இதைக் கண்டுகொள்ள வழியில்லை; இதை உடையவர் வெளிப்பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருப்பர்.

இவற்றையெல்லாம் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டு, எங்கள் ஊர்க் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, டாக்டரம்மாளிடம் கடிதம் பெற்று, ஜார்ஜ் டவுனுக்குச் சென்றோம். சிறப்பு மருத்துவரைக் காண ஐந்து வெள்ளி. காசு பெரிதன்று, ஒருநாட் கூலியும், பள்ளி விட்டு வரும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள அயல்வீட்டாரின் தயவுமே பெரிது. காத்திருக்கும் கூடத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகள் இளஞ்சிவப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை. பக்கத்திலிருந்த ஒரு மாது, "எத்தனையாவது மாசம்?" என்று அன்போடு கேட்டார். "இல்லைங்க, பரிசோதனைக்கு வந்திருக்கோம்" என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு தம் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

அன்று எங்களைப் பார்த்த டாக்டர், எதிர்பார்த்ததற்கு மாறாக, முதற்குழந்தையைப் பற்றியே வெகுநேரம் கேட்டார். எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள், எடை என்ன, பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போயிற்றா, காய்ச்சல் கண்டதா, நஞ்சுக்கொடி முழுதும் வந்ததா, இரத்த வகை என்ன, பிறகு மாதவிடாய் மாறிற்றா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். ஒருவர் "அவள் இருக்கிறாளே" என்று கதவைச் சாத்தியதும், மற்றொருவர் அவளிடமிருந்தே விசாரணையைத் தொடங்கியதும் எங்களுக்கு மறக்கவில்லை. பிறகு தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் இரத்தம் எடுத்தார்கள், கருப்பையைப் படம் பிடித்தார்கள், எதிர்ப்பொருளுக்கும் சோதித்தார்கள். அது ஒருமுறை பார்த்தால் நிச்சயப்படாதாம். 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டுமாம். நிறக்கோல் பரிசோதனைக்கு எங்களிருவரிடமும் இரத்தம் கேட்டார்கள். தந்தையானவரின் கையில் ஊசி ஏறியதைக் கேள்வியுற்ற உறவினர் சிலர் வியப்படைந்தனர். கருவுக்குப் பாதி தகப்பன் கொடுப்பது. விசாரணையிலும் பாதி அவனுக்கு உரியதே என்பதைத் தவிர இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

முடிவு வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. முடிவு யாதெனில், காரணம் ஒன்றும் அகப்படவில்லை. இதைப் படிக்கும் நண்பர் சிலர், "இதற்கா இத்தனை பாடு?" என்று நகைக்கக்கூடும். விசாரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் அகப்படுவதில்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் தேடாமல் "ஒன்றுமில்லை" என்பதும், தேடிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்பதும் ஒன்றாகா. எங்களுக்கு எந்தெந்த நோய் இல்லை என்பது இப்போது தெரியும். அதைவிட, எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதும் தெரியும். பிரிட்டனில் ஆரி குமாரசாமி என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும், காரணம் அகப்படாமல் மீண்டும் மீண்டும் கரு கலைந்த 836 பெண்களிடம் புரொஜெஸ்டிரோன் என்னும் மருந்தைச் சோதித்து 2015ல் முடிவு கூறினார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 65.8 பேருக்கும், மருந்துபோன்ற வெறும் போலிமருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 63.3 பேருக்கும் குழந்தை பிறந்தது. வேற்றுமை அற்பம்; ஆகவே அந்நிலையில் மருந்தால் பயனில்லை என்று நேர்மையாக எழுதினார்கள். ஆனால் அந்த எண்ணையே மற்றொரு பக்கமிருந்து பாருங்கள்: மருந்தே இல்லாமல் மூவரில் ஏறக்குறைய இருவருக்குக் குழந்தை நிலைத்திருக்கிறது. அதே குழுவினர் பின்னர் 4,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்பு மூன்றோ அதற்கு மேலோ கலைந்து, இம்முறை ஆரம்பத்தில் இரத்தப்போக்கும் காணும் பெண்களுக்கு அம்மருந்து உதவக்கூடும் என்று கண்டார்கள்: நூற்றுக்கு 57 என்பது 72 ஆயிற்று. குமாரசாமி என்ற பெயர் தமிழ்க் காதுக்குப் பழகிய பெயரன்றோ? இந்த வேலையின் தலைமையில் அப்பெயரைக் கண்டபோது எங்களுக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டானதை மறைக்க வேண்டுவதில்லை.

இனி, எங்களிடம் பலர் எழுப்பிய ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்லவேண்டும். "ஒன்றுகூட இல்லாதவர்கள் வரிசையில் நிற்கும்போது, ஒன்றுள்ள நீங்கள் முன்னே போவது பேராசையல்லவா?" என்பது அது. இந்தக் கேள்வியில் நியாயத்தின் சாயல் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. பிள்ளையில்லாதவர்களின் வருத்தம் எங்கள் வருத்தத்தினும் பெரிது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நோயை விசாரிப்பது பரிசு கொடுப்பது போன்றதன்று. முன்னமே ஒன்று பெற்றவருக்கு மறுமுறை இல்லை என்று சொல்வதற்கு. கலைந்த கரு ஒவ்வொன்றும் ஒரு பெண்ணுடைய உடம்பில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. அவளுக்கு இரத்தம் போயிற்று. அவள் உடம்பில் நீரிழிவோ எதிர்ப்பொருளோ இருந்தால் அது கருவை மட்டுமன்றி அவளையும் வருத்தும். வீட்டிலிருக்கும் குழந்தைக்கு வேண்டிய முதற்பொருள் சுகமான தாய். அந்தத் தாயின் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைப் பேராசை என்று யார் சொல்லத் துணிவர்?

மேலும், காரணத்தை அறிவது வேறு. இன்னொரு பிள்ளை பெறத் தீர்மானிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே "போதும்" என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வருகிறது. நாங்கள் மறுபடி முயலலாம், முயலாமலும் இருக்கலாம். எங்கள் பெண்ணோடு நாங்கள் மூவராகவே வாழ்நாளைக் கழித்தாலும் அது குறைவுபட்ட வாழ்வாகாது. ஆனால் அந்தத் தீர்மானம் பயத்தினால் ஆவதும் பிறர் சொல்லால் ஆவதும் கூடாது. உண்மையை அறிந்து நாங்களே செய்வதாக இருக்கவேண்டும். அதற்குத்தான் பரிசோதனை.

எங்கள் பெண்ணிடம் நாங்கள் சொல்லியதையும் இங்கே குறிக்கவேண்டும். முடிவு வந்த வாரத்திலேயே அவளை உட்காரவைத்துச் சொன்னோம்: "பெரிய டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் நன்றாகப் பார்த்துவிட்டார். சின்னஞ்சிறு விதை சில வேளை சரியாக முளைக்காது. யார் மேலும் தப்பில்லை. நீ பிறந்ததாலே எங்களுக்குச் சந்தோஷம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை." அவள் சிறிது யோசித்து, "டாக்டரே சொன்னாரா?" என்று கேட்டாள். "அவரே சொன்னார்" என்றோம். முன்னொரு இரவில் நாங்கள் "இல்லை, கண்ணே" என்று சொன்னது அன்பின் வார்த்தை. இப்போது சொன்னது அன்போடு அறிவும் துணைநின்ற வார்த்தை. குழந்தைகள் இவ்விரண்டின் பேதத்தை நன்றாக அறிவார்கள். அந்தப் பெரியம்மாவிடமும், டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டி, மரியாதையாகவே பேசினோம். அவர் ஜாதகத்தைக் கைவிட்டாரோ இல்லையோ, எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதைக் கைவிட்டார்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சில வார்த்தைகள். கரு கலைந்த தேதியையும் வாரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதற்பிரசவத்தின் சீட்டையும் படங்களையும் எறிந்துவிடாதீர்கள். இரத்த வகையைக் கேட்டறியுங்கள். நெகட்டிவ் என்றால் கரு கலைந்த உடனேயே தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். "பிள்ளை இருக்கிறதே" என்று ஒரு டாக்டர் திருப்பியனுப்பினால், பணிவோடு, "பிள்ளை பிறந்த பிறகு என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கவேண்டுகிறோம்" என்று கேளுங்கள்; அப்போதும் மறுத்தால் மற்றொரு டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். அதே சமயம், விலையுயர்ந்த சிகிச்சை எல்லாம் நல்ல சிகிச்சை என்று மயங்காதீர்கள். கணவனின் வெள்ளை அணுக்களை மனைவிக்கு ஏற்றுவது ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. 1999ல் வெளியான ஆராய்ச்சி அதனால் பயனில்லை என்று காட்டிற்று. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு உதவிய ஹெபாரின் ஊசி, காரணம் அகப்படாத உங்களுக்கும் உதவும் என்பதில்லை. 2010ல் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். காரணத்துக்கு மருந்தேயன்றிக் கவலைக்கு மருந்தில்லை.

இறுதியாக, துக்கம் விசாரிக்க வரும் உற்றார்க்கும் அயலார்க்கும் ஒரு வேண்டுகோள். உலகத்திலே ஆண்டொன்றுக்கு 2 கோடியே 30 இலட்சம் கருக்கள் கலைகின்றன என்று லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகை 2021ல் கணக்கிட்டு எழுதியது. கரு கலைந்தவளுக்கு "மறுபடி முயலுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் காலம் முடியவேண்டும். முதன்முறை கலைந்தபோதே அவளுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லவேண்டும், இரண்டாம் முறை சில பரிசோதனைகள், மூன்றாம் முறை முழுப் பரிசோதனை என்று படிப்படியாகச் செய்யவேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். நாட்டு அரசாங்கங்கள் அதைச் செய்யும்போது செய்யட்டும். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது சிறியது, காசு செலவில்லாதது. அடுத்தமுறை இத்தகைய வீட்டுக்குப் போகும்போது, "ஒன்றுதான் இருக்கிறதே" என்ற வாக்கியத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்: "உடம்பு எப்படியிருக்கிறது, அம்மா? டாக்டரிடம் போகும் நாளில் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?"